சாய்ந்த எழுத்து

ஜனவரி 14

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதிக்கொள்வது. நான் நலம். நீயும் அம்மாவும் நலம்தானே? அம்மாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

போனில் பேசினால் "சரிக்கா, வெச்சிடறேன்க்கா" என்று ஓடிவிடுகிறேன், ஒழுங்காகக் கடிதம் எழுது என்று உத்தரவு போட்டிருந்தாய். அதனால்தான் இந்தக் காகிதம். கையெழுத்து கோழி கிளறியது மாதிரி இருந்தால் பொறுத்துக்கொள். பேனா பிடித்துப் பல வருடம் ஆகிறது.

நீ அனுப்பிய ஹார்டு டிஸ்க் பத்திரமாக வந்து சேர்ந்தது. பதினோராயிரத்துச் சொச்சம் நெஞ்சு எக்ஸ்-ரே, ஒவ்வொருவருக்கும் பிறகு சளிப் பரிசோதனையில் காசநோய் உண்டா இல்லையா என்று வந்த முடிவு. உங்கள் ஆஸ்பத்திரி அனுமதி கொடுத்ததே பெரிது. ஷிப்ட் முடிந்த பிறகு இரண்டு மாதம் உட்கார்ந்து, பேர்களை நீக்கி, வருடவாரியாக நீ அடுக்கிக் கொடுத்தது அதைவிடப் பெரிது.

நான் என்னதான் செய்கிறேன் என்று அம்மா கேட்டாளாமே, இப்படிச் சொல். கம்ப்யூட்டருக்குப் படத்தையும் விடையையும் சேர்த்துச் சேர்த்துக் காட்டுவோம். ஆயிரக்கணக்கில் பார்த்தபின், எதை வைத்து விடை சொல்வது என்று அதுவே ஒரு வழியைக் கண்டுபிடித்துக்கொள்ளும். அதன் பிறகு விடையை மறைத்துவிட்டுப் புதுப் படத்தைக் காட்டுவோம். அதைக் கண்டுபிடிக்கவைக்கும் அல்காரிதத்தை எழுதுவதுதான் உன் தம்பியின் பிழைப்பு.

எங்கள் அறை நிலவறையில் இருக்கிறது. ஜன்னல் கிடையாது. சுவருக்கு அந்தப் பக்கம் கம்ப்யூட்டர்கள் நாள் முழுக்க இரைகின்றன. மூன்று பேர், மூன்று மேசை, மூவருக்குமே பதினோரு மாத ஒப்பந்தம். எனக்கு இது ஏழாவது, செப்டம்பரில் முடிகிறது. இந்த வருடம் துறையில் ஒரே ஒரு நிரந்தர வேலை வருகிறது. மூவருமே அதற்கு விண்ணப்பிக்கப் போகிறோம். ஆனாலும் தினமும் காலையில் ஒருவருக்கொருவர் டீ வாங்கிக் கொடுக்கிறோம். பார்த்தால் நீ சிரிப்பாய்.

என் மனைவி இன்னும் ரயிலில் நாலு மணி நேரத் தொலைவில், இன்னொரு பல்கலைக்கழகத்தில், இன்னொரு ஒப்பந்தத்தில்தான் இருக்கிறாள். குழந்தையும் அவளோடு. போன ஞாயிறு கிளம்பும்போது பாப்பா கேட்டது: "அப்பா, நீ மறுபடி எங்க வீட்டுக்கு எப்ப வருவே?" எங்க வீட்டுக்கு! ரயிலில் எனக்கு அழுகையே வந்துவிட்டது. இந்த வேலை கிடைக்காவிட்டால், அக்கா, முப்பத்தெட்டு வயதில் என்னை எவனும் கூப்பிட மாட்டான்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புள்ள தம்பி

*

பிப்ரவரி 2

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நாங்கள் நலம். அம்மாவின் முழங்கால் மாடிப்படியைக் கண்டால் வலிக்கிறது, பக்கத்து வீட்டு வம்பு என்றால் வலிக்கவில்லை. மற்றபடி சௌக்கியம்.

உன் கையெழுத்தைப் படிக்க என் எக்ஸ்-ரே மிஷினைத்தான் கொண்டுவர வேண்டும் போலிருக்கிறது.

டிஸ்க் சேர்ந்ததில் நிம்மதி. இங்கே வழக்கம் போலத்தான் ஓடுகிறது. காலை எட்டு மணிக்கே வாசல்வரை வரிசை. "சட்டையைக் கழட்டுங்க, நெஞ்சைப் பலகையில ஒட்டி நில்லுங்க, மூச்சை இழுத்துப் பிடிங்க, விடுங்க." ஒரு நாளைக்கு நூற்றைம்பது தடவை இதைச் சொல்கிறேன். போன வாரம் வீட்டில் அம்மாவிடமே "மூச்சை இழுத்துப் பிடிங்க" என்று சொல்லிவிட்டேன். "நான் போயே சேர்ந்துட்டேன்னு நெனைச்சியா?" என்று கேட்டாள்.

பாப்பா சொன்னதைப் படித்து எனக்கும் மனசு கேட்கவில்லை. வேலை கிடைக்கும், கவலைப்படாதே. என்னால் ஆனதைச் செய்துவிட்டேன், இனி உன் பாடு. அது சரி, நீ எழுதப்போகும் ஆய்வுக் கட்டுரையில் என் பேர் வருமா? சும்மா கேட்டேன். வந்தால் எங்கள் ஆஸ்பத்திரி லிஃப்ட்காரரிடம் காட்டிப் பீற்றிக்கொள்ளலாம். என்னைவிட அவருக்குத்தான் உன்னைப் பற்றி அக்கறை. தினமும் மூன்றாம் மாடி வருவதற்குள் "டாக்டர் தம்பி என்ன கண்டுபிடிச்சார்?" என்று கேட்டுவிடுவார். ஊசி போடும் டாக்டர் இல்லை என்று பத்து தடவை சொல்லியாயிற்று.

நேரத்துக்குச் சாப்பிடு.

உன் அக்கா

*

ஏப்ரல் 20

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நலமறிய ஆவல் என்று எழுதக்கூடப் பொறுமையில்லை, அவ்வளவு சந்தோஷம்!

தொண்ணூற்று நாலு. நூறு படத்துக்குத் தொண்ணூற்று நாலு சரி. இதுவரை யாரும் இதன் பக்கத்தில்கூட வரவில்லை. இன்னொன்றைக் கேள். மூன்று டாக்டர்கள் பார்த்து "ஒன்றுமில்லை" என்று ஒதுக்கிய படங்களிலும் மிஷின் நோயைப் பிடித்திருக்கிறது. சளிப் பரிசோதனையோடு ஒத்துப்பார்த்தால் அது சொன்னதுதான் சரி! மனிதக் கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று அதற்குத் தெரிகிறது. பேராசிரியர் நிலவறைக்கே இறங்கிவந்து என் தோளைத் தட்டினார். ஏழு வருடத்தில் அவர் அந்தப் படியில் இறங்கியது இதுதான் முதல் தடவை. பக்கத்து மேசைக்காரர்கள் கைகொடுத்தார்கள். அன்று டீ மட்டும் யாரும் வாங்கித் தரவில்லை.

ஒரு சின்ன சந்தேகம். மிஷின் படத்தில் எந்த இடத்தைப் பார்த்து முடிவு செய்கிறது என்று வண்ணம் தீட்டிக் காட்டும் முறை ஒன்று உண்டு. நுரையீரல் மேல் சிவக்க வேண்டும். நிறையப் படங்களில் மேல் மூலை ஒன்றும் சேர்ந்து சிவக்கிறது. அங்கே உடம்பே இல்லை, ஒரு வெள்ளை எழுத்து மட்டும் தெரிகிறது. அது என்ன? யார் வைப்பது? அவசரமில்லை, தெரிந்தால் எழுது.

அம்மாவிடம் சொல். கட்டுரையை அடுத்த வாரம் அனுப்புகிறோம்.

தம்பி

*

மே 6

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் நலம். தொண்ணூற்று நாலு என்றதும் அம்மா "மீதி ஆறு எங்கே போச்சு?" என்றாள். நீ பள்ளிக்கூடத்தில் படித்தபோதும் இதே கேள்விதான்.

அந்த மூலை ரகசியத்தை உன்னிடம் சொன்னால் என்ன? அது ஈய எழுத்து. இடப்பக்கம் எது என்று டாக்டருக்குத் தெரிய, படம் எடுக்கும் முன் ஓரத்தில் ஒட்டுவோம். ஈயத்தின் வழியே கதிர் போகாததால் வெள்ளையாக விழும். நேராக வைக்க வேண்டும் என்பது விதி.

நான் சில பேருக்குச் சாய்த்து வைப்பேன்.

படம் எடுக்கிறவர்கள் நோயைப் பற்றி வாய் திறக்கக் கூடாது என்று எங்களுக்குச் சுற்றறிக்கை இருக்கிறது. மீறினால் வேலைக்கே உலை. ஆனால் ஆட்களை நேரில் பார்ப்பது நான்தானே? பெரிய டாக்டர் ஒரு நாளைக்கு இருநூறு படம் பார்க்கிறார், ஒரு ஆளைக்கூடப் பார்ப்பதில்லை. சட்டைப் பட்டனைக் கழற்றும்போது நடுவில் நிறுத்தி மூச்சு வாங்குகிறவர், மூச்சைப் பிடிக்கச் சொன்னால் பாதியிலேயே விட்டுவிடுகிறவர், பெல்ட்டில் புதிதாக ஒரு ஓட்டை போட்டிருப்பவர். பதினெட்டு வருடமாகப் பார்க்கிறேன், எனக்குத் தெரிந்துவிடும். அப்படிப்பட்டவருக்கு எழுத்தைக் கொஞ்சம் சாய்த்து வைப்பேன். பெரிய டாக்டர் மட்டும் பார்த்துப் பார்த்து அதன் அர்த்தத்தைப் புரிந்துகொண்டார். படம் சுத்தமாக இருந்தாலும் சளிப் பரிசோதனைக்கு எழுதிவிடுவார். நாங்கள் இதைப் பற்றி ஒருநாளும் பேசிக்கொண்டதில்லை. ஒரு தடவை மட்டும் வராந்தாவில், "உங்க எழுத்து பொய் சொல்றதில்லம்மா" என்றார்.

உன் மிஷின் அதையும் கண்டுபிடித்துவிட்டதா? கெட்டிக்காரப் பயல்தான். அப்படியானால் என்னைப் பார்த்துக் காப்பியடித்திருக்கிறான் என்று சொல்லு!

இதனால் உனக்கு ஒன்றும் தொந்தரவு இல்லையே? அதை மட்டும் எழுது.

உன் அக்கா

*

ஜூலை 29

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உங்கள் நலமறிய ஆவல். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, வேலை கழுத்தை நெரிக்கிறது.

கட்டுரையை ஆய்விதழ் ஏற்றுக்கொண்டது. நிரந்தர வேலைக்கு நேர்முகத் தேர்வும் முடிந்தது. ஒரு நிறுவனம் எங்கள் முறையை வாங்கி ஆஸ்பத்திரிகளுக்குக் கொடுக்கப் பேசிக்கொண்டிருக்கிறது.

உன் பேரைப் போட முடியவில்லை, விதிமுறைகள் அப்படி. கடைசிப் பக்கத்தில் "தொழில்நுட்ப உதவி செய்த ஊழியர்களுக்கு நன்றி" என்று ஒரு வரி இருக்கிறது. அதில் நீயும் அடக்கம்.

ஒரு விஷயம். அந்தப் பழக்கத்தைப் பற்றி நீ எழுதியிருந்தாயே, அதை வேறு யாரிடமும் சொல்ல வேண்டாம். விதிக்கு மாறானது, உன் வேலைக்கு ஆபத்து. உன் நல்லதுக்குத்தான் சொல்கிறேன்.

அம்மாவுக்கு நல்ல மூட்டு மாத்திரை அனுப்புகிறேன்.

தம்பி

*

செப்டம்பர் 15

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் நலம். வேலை கிடைத்த செய்தியை அம்மா தெரு முழுக்கச் சொல்லி முடித்து, இப்போது அடுத்த தெருவுக்குப் போயிருக்கிறாள். முழங்கால் பற்றிய பேச்சே இல்லை. பாப்பா இனி "எங்க வீடு" என்றால் அதில் நீயும் இருப்பாய். அதை நினைத்து அன்றிரவு நிம்மதியாகத் தூங்கினேன்.

உன் மிஷின் எங்கள் ஆஸ்பத்திரிக்கும் வந்துவிட்டது. நாற்பது ஆஸ்பத்திரிகளில் எங்களுடையதுதான் முதலாம். வரவேற்பறைச் சுவரில் உன் போட்டோ மாட்டியிருக்கிறார்கள். கண்ணாடி போடாமல் நிற்கிறாய், யாரோ மாதிரி இருக்கிறது.

கூடவே மாற்றங்களும் வந்தன. எழுத்தை இனி கம்ப்யூட்டரே அச்சடிக்கும், எப்போதும் நேராக. ஈய எழுத்துகளை ஒரு டப்பாவில் போட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். பெரிய டாக்டர் ஓய்வு பெற்றுவிட்டார். புது டாக்டர் மிஷின் சிவப்புக் காட்டும் படங்களை மட்டும்தான் திறக்கிறார். பச்சை வந்தால் வீட்டுக்குப் போகலாம். சளிப் பரிசோதனையும் கிடையாது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். லிஃப்ட்காரருக்கு ஒரு மாதமாக இருமல். ஸ்டூலில் சாய்ந்துதான் உட்காருகிறார். நானே வற்புறுத்திப் படம் எடுத்தேன். பட்டனைக் கழற்றும்போது இரண்டு தடவை நின்றார். மிஷின் பச்சை காட்டியது. புது டாக்டரிடம் போய், வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து முதல் தடவையாக வாயைத் திறந்து சொன்னேன். "மிஷினைவிட உங்களுக்கு அதிகமா தெரியுமா?" என்று கேட்டார். மறுநாள் எனக்கு மெமோ.

லிஃப்ட்காரரே என்னைச் சமாதானப்படுத்துகிறார்: "தம்பி மிஷினே சொல்லிடுச்சேம்மா, அப்புறம் என்ன?"

நீ ஒரு வரி எழுது. அவருக்குச் சளிப் பரிசோதனை செய்யுங்கள் என்று உன் பேரில் ஒரே ஒரு வரி. நீ சொன்னால் கேட்பார்கள். உடனே எழுது.

உன் அக்கா

*

அக்டோபர் 30

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீங்களும் நலம் என்று நம்புகிறேன்.

புது வீட்டுக்கு வந்துவிட்டோம். மனைவி அந்த ஒப்பந்தத்தை விட்டுவிட்டு வந்துவிட்டாள். பாப்பாவுக்குத் தனி அறை. எனக்குப் பல்கலைக்கழகத்தில் ஜன்னல் வைத்த அறை கொடுத்திருக்கிறார்கள், எதிரே புல்வெளி தெரிகிறது. அம்மாவைக் கொஞ்ச நாள் அழைத்துவர வேண்டும்.

நீ கேட்டது பற்றி. தனி நோயாளி ஒருவரைப் பற்றி நான் கருத்துச் சொல்வது முறையாகாது. அது ஆஸ்பத்திரியின் பொறுப்பு. எந்த முறையிலும் குறிப்பிட்ட சதவீதப் பிழை இருக்கத்தான் செய்யும். அடுத்த பதிப்பில் சில மேம்பாடுகள் செய்யத் திட்டமிடப்பட்டுள்ளது. அவர் விருப்பப்பட்டால் வெளியே எங்காவது பார்த்துக்கொள்ளலாமே.

நீ இதையெல்லாம் மனசில் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே.

தம்பி

*

டிசம்பர் 18

தம்பிக்கு,

லிஃப்ட்காரர் செவ்வாய்க்கிழமை இறந்துவிட்டார்.

வெளியே எங்காவது போய்ப் பார் என்று நானும்தான் சொன்னேன். "உங்க தம்பியைவிடப் பெரிய டாக்டரா வெளியில இருக்கப்போறார்?" என்று சிரித்தார். போன மாதம் ரத்தமாகத் துப்பிய பிறகுதான் சேர்த்தார்கள். இரண்டு பக்கமும் ஒன்றும் மிஞ்சியிருக்கவில்லை. அவர் மனைவி என் அறை வாசலில் நின்று, "படம் நல்லா இருக்குன்னு சொன்னீங்களேம்மா" என்றாள். நான் சொல்லவில்லை. ஆனால் நான் எடுத்த படம்தானே.

அன்று வீட்டுக்கு வந்து உன் கடிதங்களை எல்லாம் வரிசையாக வைத்துப் படித்தேன். ஏப்ரலில் மூலையைப் பற்றிக் கேட்டிருக்கிறாய். மே மாதம் நான் சொல்லியிருக்கிறேன். தொந்தரவு உண்டா என்றும் கேட்டிருக்கிறேன். அதற்கு இன்றுவரை பதில் இல்லை. யாரிடமும் சொல்லாதே என்று மட்டும் வந்தது. நான் உன்னளவு படிக்கவில்லை, ஆனால் எனக்கு ஒன்றும் காதில் பூ இல்லை. உன் மிஷின் நுரையீரலைப் பார்க்கவே இல்லை. என் எழுத்தைத்தான் பார்த்தது. எழுத்து நேரானதும் அதற்குக் கண் போய்விட்டது.

மே மாதமே உனக்குத் தெரியுமா, தெரியாதா? ஒரு வார்த்தை எழுது. போனில் வேண்டாம், நான் எடுக்க மாட்டேன்.

அக்கா

*

ஜனவரி 22

அன்புள்ள அக்காவுக்கு,

பன்னிரண்டு தடவை போன் செய்துவிட்டேன். நீ எடுக்கவில்லை. நீ நலமா என்று அம்மாவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

தெரியும். உன் மே மாதக் கடிதம் வந்த மறுநாளே மூலையைக் கறுப்பாக மறைத்துவிட்டு மறுபடி ஓட்டினேன். தொண்ணூற்று நாலு அறுபத்தொன்றாக இறங்கியது. கொஞ்சம் யோசித்துப் பார். கட்டுரையை அனுப்பிப் பத்து நாள் ஆகியிருந்தது. பேராசிரியர் எல்லாரிடமும் சொல்லிவிட்டார். முதலில் வேலை கிடைக்கட்டும், பிறகு அமைதியாகச் சரிசெய்துவிடலாம் என்று நினைத்தேன். யாரையும் கொல்ல வேண்டும் என்று நினைக்கவில்லை, அக்கா. அவர் சாவு எனக்கும் வருத்தம்தான்.

இப்போது வேறொரு பல்கலைக்கழகத்துக்காரர்கள் தங்கள் ஊர்ப் படங்களில் ஓட்டிப் பார்த்துவிட்டு, காசு சுண்டிப் போட்டதுபோலப் பாதிக்குப் பாதிதான் சரியாக வருகிறது என்று ஆய்விதழுக்கு எழுதியிருக்கிறார்கள். மூலையில் உள்ள எழுத்தைப் பற்றியும் கேட்டிருக்கிறார்கள். ஆய்விதழ் என்னிடம் விளக்கம் கேட்கிறது. படம் எடுத்த ஊழியர் எழுதிக் கொடுத்தால் ஏற்றுக்கொள்வார்கள்.

ஒரு கடிதம் தயார்செய்து இதனுடன் வைத்திருக்கிறேன். "எழுத்துகள் எப்போதும் விதிப்படி நேராகவே வைக்கப்பட்டன. சில படங்களில் சாய்ந்திருந்தால் அது தற்செயலே." இவ்வளவுதான். நீ கையெழுத்துப் போட்டு அனுப்பினால் போதும். ஆறு மாதத்தில் எல்லாவற்றையும் திருத்திவிடுவேன், பாப்பா மேல் ஆணை.

நீயும் யோசி. அனுமதி இல்லாமல் வருடக்கணக்கில் படங்களில் குறி வைத்தது நீ. வெளியே வந்தால் உன் வேலையும் போகும், ஓய்வூதியமும் போகும். மிரட்டுகிறேன் என்று நினைக்காதே. நாம் இரண்டு பேரும் ஒரே படகில்தான் இருக்கிறோம்.

அம்மாவுக்கு இதெல்லாம் தெரிய வேண்டாம்.

உன் தம்பி

*

பிப்ரவரி 5

தம்பிக்கு,

கையெழுத்துப் போட்டுவிட்டேன், நீ அனுப்பிய காகிதத்தில் இல்லை.

நான் என்ன செய்தேன், எதற்குச் செய்தேன், அது உனக்கு எந்தத் தேதியிலிருந்து தெரியும் என்று மூன்று பக்கம் எழுதி ஆய்விதழுக்கு அனுப்பிவிட்டேன். உன் ஏப்ரல் கடிதத்துக்கும் ஜனவரிக் கடிதத்துக்கும் நகல் எடுத்து வைத்தேன். அனுப்பும் முன் ஆஸ்பத்திரிக் கண்காணிப்பாளரிடம் நேரில் போய்ச் சொன்னேன். நீ சொன்னது சரிதான், விசாரணை முடியும்வரை வேலைக்கு வரக் கூடாது என்று உத்தரவு கொடுத்துவிட்டார்கள். கையோடு சாவியையும் வாங்கிக்கொண்டார்கள். ஆனாலும் எங்கள் ஆஸ்பத்திரியில் மிஷினை அன்றே நிறுத்தினார்கள். பச்சை வந்தவர்களைத் திரும்ப வரச்சொல்லிக் கடிதம் போகிறது. மற்ற முப்பத்தொன்பது ஆஸ்பத்திரிகளில் உன் ஆறு மாதத்துக்குள் எத்தனை பேர் பச்சை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள் என்று நீ கணக்குப் போட்டாயா? கணக்குதானே உன் வேலை.

ஒரே படகு என்று எழுதியிருந்தாய். நீ வேலைக்குப் பயந்து வாயை மூடினாய். நானும் பதினெட்டு வருடம் அதே பயத்தில்தான் வாயை மூடிக்கொண்டு, ஓர் எழுத்தைச் சாய்த்து வைத்துப் பிழைத்தேன். சத்தமாகச் சொல்லியிருந்தால் உன் மிஷினுக்குக் காப்பியடிக்க ஒன்றும் கிடைத்திருக்காது. அந்தப் பங்கை நான் யார் தலையிலும் கட்டவில்லை. ஆனால் எனக்குத் தெரியாமல் நடந்தது அது. உனக்கு எல்லாம் தெரிந்தே நடந்தது.

பாப்பாவை நினைத்துக்கொண்டே மூன்று நாள் தபாலைப் பையிலேயே வைத்துக்கொண்டு அலைந்தேன். நாலாம் நாள் லிஃப்ட்காரரின் மனைவி, அவருடைய யூனிஃபார்மைத் திருப்பிக் கொடுக்க வந்திருந்தாள். அதைத் துவைத்து இஸ்திரி போட்டுக் கொண்டுவந்திருந்தாள். அன்றுதான் கண்காணிப்பாளரிடம் சொல்லிவிட்டு, அவளோடு கீழே இறங்கிப் போய்த் தபாலைப் போட்டேன்.

நான் பகலில் வீட்டில் இருப்பதைப் பார்த்து அம்மா துருவித் துருவிக் கேட்டாள். சொல்லிவிட்டேன். முழுவதும் கேட்டாள். பிறகு, "அவன் தெரியாமத்தானே செஞ்சான்?" என்று கேட்டாள்.

"ஆமாம்மா, அவனுக்குத் தெரியாது" என்றேன்.

உனக்காக நான் சொன்ன பொய் அது ஒன்றுதான். அதை அவள் நம்பிவிட்டாள். இனி நீ வீட்டுக்கு வந்தால் அவள் முகத்தைப் பார்த்து அதைக் காப்பாற்ற வேண்டியது நீதான்.

அக்கா